காற்று கொணர்ந்தவரும் கப்பல் கொணர்ந்தவரும்
மலாயாவின் குடியேற்ற வரலாறு: ஒரு நோக்கு

மக்கள் பெயர்ந்து சென்று குடியேறியதால் உருவான நாடுகள் எவை என்று கேட்டால், அமெரிக்காவையும் ஆஸ்திரேலியாவையும் உடனே சுட்டுவோர் பலர். நமக்கு அண்மையில், வங்கக் கடலுக்கு அப்பால், அத்தகைய நாடு ஒன்று இருப்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. முன்னர் மலாயா என்றும் இன்று மலேசியா என்றும் வழங்கும் அந்நாடு, தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் நினைவில் 'அக்கரைச் சீமை'யாக வாழ்கிறது. பாட்டனார் கடை வைத்திருந்த ஊர், தந்தையார் சம்பாதித்து வந்த ஊர், மாமன் போனவர் திரும்பாத ஊர் என்று அதனை அறிவோமே ஒழிய, அங்கு யார் யார் எக்காலத்தில் எக்காரணத்தால் சென்று சேர்ந்தனர் என்பதை முறையாக அறிந்தோர் நம்மிடையே குறைவு.

அவ்வரலாறு ஒரு வினாவை எழுப்புகிறது. கடல் கடந்து வருகிறவன் எப்போது விருந்தினன், எப்போது வேலையாள், எப்போது குடிமகன், எப்போது அந்நியன்? இந்நான்கு பெயர்களையும் ஒரே மண், ஒரே கூட்டத்தாருக்கு வெவ்வேறு காலங்களில் இட்டிருக்கிறது. வந்தவர் மாறவில்லை, அவரை அழைத்த வாய்தான் மாறிற்று. எனவே ஒவ்வொரு காலத்திலும் அழைத்தவர் யார், எதற்காக அழைத்தனர் என்று பார்ப்பதே இவ்வரலாற்றைப் புரிந்துகொள்ளும் வழியாகும்.

பருவக்காற்றின் காலம்

முதன் முதலில் அழைத்தது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று பாய்மரங்களைக் கிழக்கு நோக்கித் தள்ளும். வடகிழக்குப் பருவக்காற்று அவற்றைத் திரும்பக் கொணரும். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள திங்கள்களில் வணிகன் ஏதேனும் ஒரு துறைமுகத்தில் தங்கியே தீர வேண்டும். அவ்வாறு தங்கிய இடங்களே குடியிருப்புகளாயின. கெடா மாநிலத்தின் பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பழங் கட்டடங்களின் எச்சங்களும் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்களும், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அக்கரையில் பன்னாட்டு வணிகம் நிலைபெற்றிருந்ததற்குச் சான்றாகும். கடாரம் என்று நம் கல்வெட்டுகள் குறிப்பது அப்பகுதியையே என்பர். 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரன் அத்திசையில் படை செலுத்தினான் என்றால், அதற்கு நெடுங்காலம் முன்பே வணிகர் அவ்வழியை நன்கறிந்திருந்தனர் என்றே பொருள்.

ஏறத்தாழ 1400ஆம் ஆண்டில் தோன்றிய மலாக்கா, இப்பருவக்காற்று வணிகத்தின் தலைநகராயிற்று. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வாழ்ந்து எழுதிய தொமே பீரிஸ் என்னும் போர்த்துக்கீசியர், அத்துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாகக் கூறுகிறார். எண்ணிக்கை சற்று மிகையாகவே இருப்பினும், நகரின் இயல்பு அதனால் விளங்கும். வந்திறங்கும் வணிகரைக் கவனிக்க மலாக்கா அரசு நான்கு ஷாபந்தர்களை அமர்த்தியிருந்தது. குஜராத்தியருக்கு ஒருவர், சோழமண்டலக் கரையினர், வங்காளியர், பெகு நாட்டினர் ஆகியோருக்கு ஒருவர், சாவகம் முதலிய தீவினருக்கு ஒருவர், சீனர் முதலானோருக்கு ஒருவர். அயலாரை அவரவர் மொழியறிந்த அதிகாரி வழியாக வரவேற்பதே ஆட்சி முறையாக இருந்தது. வந்தவனிடம் அரசு கேட்டது சுங்கமும் ஒழுங்கும் மட்டுமே.

வந்தவர் அரண்மனை வரை உயர்ந்ததும் உண்டு. மலாய் வரலாற்று நூலாகிய செஜாரா மெலாயு, தென்னிந்தியாவிலிருந்து வந்த மணிப் புரிந்தான் என்பவரின் வழியினர் மலாக்காவில் பெற்ற ஏற்றத்தை விரித்துரைக்கிறது. அவ்வழி வந்த துன் முத்தாஹிர், முதலமைச்சர் பதவியாகிய பெண்டஹாராவை வகித்துப் பெருஞ் செல்வாக்குடன் வாழ்ந்தார். மலாக்கா வீழ்வதற்குச் சற்று முன் சுல்தானின் சினத்திற்கு ஆளாகி உயிரிழந்தார். அவருடைய ஏற்றமும் வீழ்ச்சியும் அரண்மனை அரசியலால் நேர்ந்தவை. வேற்றூர் வழியினர் என்பது அப்பதவிக்குத் தடையாக நிற்கவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

1511இல் போர்த்துக்கீசியரும் 1641இல் டச்சுக்காரரும் மலாக்காவைக் கைப்பற்றிய பின்னரும் இப்போக்குவரத்து அற்றுப் போகவில்லை. மலாக்காவில் இன்றும் நிற்கும் கம்போங் கிளிங் பள்ளிவாசல் 1748இல் நம் வணிகர் எழுப்பியது. 'கிளிங்' என்பது கலிங்கம் என்ற சொல்லின் வழிவந்த பெயர் என்பர். தென்னிந்தியரைக் குறிக்கும் இயல்பான சொல்லாகவே அது பன்னெடுங்காலம் வழங்கிற்று. பிற்காலத்தில்தான் இழிவுக் குறிப்பேறிற்று. ஒரு சொல் மரியாதை இழந்த கதையில், ஒரு மக்கள் கூட்டம் வணிகர் நிலையிலிருந்து கூலியாள் நிலைக்கு இறங்கிய கதையும் அடங்கியிருக்கிறது.

மொழிகளும் அக்காலத்தில் கொள்வன கொடுப்பன செய்தன. மலாய் மொழியில் கப்பல் 'கப்பால்' என்றும், கடை 'கெடாய்' என்றும், கட்டில் 'காத்தில்' என்றும், வாணிக முதல் 'மோடால்' என்றும் இன்றளவும் வழங்குகின்றன. எந்தப் பொருள்களோடு நம்மவர் அங்குச் சென்றனர் என்பதை இச்சொற்களே காட்டிக் கொடுக்கின்றன.

கம்பெனிக் கொடியின் கீழ்

1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர், கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் பினாங்குத் தீவில் கொடியேற்றினார். வெறும் காடாயிருந்த தீவை நகராக்க ஆட்கள் வேண்டியிருந்தது. கெடாவில் முன்பே வாணிகம் செய்து வந்த தமிழ் முஸ்லிம்கள் முதலில் வந்து சேர்ந்தோருள் அடங்குவர். 'சூலியா' என்று அங்கு அழைக்கப்பட்ட அவர்களில் ஏறத்தாழ ஆயிரம் பேர் குடும்பத்துடன் நிலைத்துவிட்டதாகவும், ஆண்டுதோறும் ஆயிரத்து முந்நூறு முதல் இரண்டாயிரம் பேர் வரை கப்பலில் வந்து, உழைத்துச் சிறிது பொருள் ஈட்டித் திரும்புவதாகவும், அவர்கள் இடத்திற்கு வேறு சிலர் வருவதாகவும் லைட் 1790களில் எழுதியுள்ளார். நிலைத்தவர் ஒரு பங்கு, போய் வருபவர் ஒன்றரைப் பங்கு என்ற இவ்விகிதத்தை நாம் மறத்தலாகாது. பின்னர் வந்த இன்பங்களுக்கும் துன்பங்களுக்கும் இதுவே வித்து.

1801இல் காதர் முகைதீன் என்னும் பெருவணிகர் தம் சமூகத்தின் கப்பித்தானாக விளங்கினார். அவ்வாண்டில் கம்பெனி அளித்த நிலத்தில் எழுந்ததே பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1819இல் சிங்கப்பூர் தோன்றியபின் அங்கும் இவ்வரலாறு தொடர்ந்தது. 1826இல் சூலியாப் பள்ளி எனப்படும் ஜாமிஆப் பள்ளிவாசல் நிறுவப்பெற்றது. நாகூர் ஆண்டகையின் நினைவாக 1828க்கும் 1830க்கும் இடையே தர்கா ஒன்று கட்டப்பெற்றது. ஊரை விட்டுப் போனவர்கள் ஊரின் ஒரு துண்டை உடன் எடுத்துச் சென்றனர் எனலாம்.

அம்மண்ணில் மலாய்ப் பெண்டிரை மணந்து இல்லறம் நடத்தியோரின் மக்கள் 'ஜாவி பெக்கான்' என்றும் 'ஜாவி பெரானாக்கான்' என்றும் பெயர் பெற்றனர். தந்தையின் வாணிகத் திறனும் தாயின் மொழியும் ஒருங்கே வாய்த்த இவர்கள், 1876இல் சிங்கப்பூரில் 'ஜாவி பெரானாக்கான்' என்ற பெயரிலேயே மலாய் மொழியின் முதற் செய்தித்தாளை நடத்தினர். 1887இல் மகுதூம் சாயபு சிங்கப்பூரில் 'சிங்கைநேசன்' என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார். தற்கால மலாய் உரைநடையின் தந்தை எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லா, 1796இல் மலாக்காவில் பிறந்தவர். அரபு, தமிழ்க் குருதிகள் கலந்த வழியினர். இளமையில் தமிழும் பயின்றவர். ஒரு நாட்டின் இலக்கியத்திற்குப் புது வழி கண்டவரை வந்தேறி என்பதா, மண்ணின் மைந்தர் என்பதா?

இதே காலத்தில் விரும்பாமலே வந்தவர்களும் உண்டு. இந்தியச் சிறைகளிலிருந்து கைதிகள் பினாங்கிற்கும் மலாக்காவிற்கும் சிங்கப்பூருக்கும் நாடு கடத்தப்பட்டனர். அந்நகரங்களின் சாலைகளும் பாலங்களும் அவர்கள் இட்டவை. சிங்கப்பூரின் புனித ஆண்ட்ரூ தேவாலயம் அவர்கள் கைகளால் எழுந்தது. அதனை அண்ணாந்து பார்ப்போர் பலர். கட்டியவரை எண்ணுவோர் சிலர்.

ஈயமும் இரப்பரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காற்றின் ஆட்சி முடிந்து, நீராவியின் ஆட்சி தொடங்கியது. அதனுடன் அழைப்பவரும் மாறினர். பேராக்கின் லாரூட் பகுதியில் 1848இல் ஈயம் கண்டெடுக்கப்பட்டபின் சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வரலாயினர். 1857இல் கிள்ளான் ஆற்றின் மேற்பகுதிக்கு ஈயம் தேடிச் சென்ற 87 சீனரில், ஒரு திங்களுக்குள் 69 பேர் காய்ச்சலுக்கு இரையாயினர் என்பது கோலாலம்பூரின் பிறப்புக் கதை. இன்று வானளாவும் மாடங்கள் நிற்கும் நகரின் அடித்தளம் அத்தகையது. பயணச் செலவைக் கடனாகப் பெற்றுக் கப்பலேறிய சீனத் தொழிலாளி, அக்கடன் தீரும்வரை முதலாளிக்கும் இரகசியச் சங்கத்திற்கும் கட்டுண்டு கிடந்தான். இக்கொடுமைகளைக் கண்காணிக்கவே 1877இல் சீனர் பாதுகாப்பு அலுவலகம் அமைக்கப்பட்டது.

தமிழகத்திலிருந்து சென்ற உழைப்பாளரின் கதை கரும்புடன் தொடங்குகிறது. பினாங்கிற்கு எதிர்க்கரையிலுள்ள வெல்லெஸ்லி மாகாணத்தின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அவர்கள் கொண்டு செல்லப்பட்டனர். ஒப்பந்தத்தை மீறுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. பின்னர்க் காப்பி, காப்பி வீழ்ந்தபின் இரப்பர். 1877இல் சிங்கப்பூர் தோட்டத்திற்கு வந்து சேர்ந்த 22 இரப்பர்க் கன்றுகள், ஒரு தலைமுறைக்குள் நாட்டின் தோற்றத்தையே மாற்றின. மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக இரப்பரின் விலை ஏறிற்று, காடுகள் தோட்டங்களாயின, தோட்டங்கள் ஆட்களைக் கேட்டன.

ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. அதற்கு முன்பே கங்காணி முறை வேரூன்றியிருந்தது. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவன் துரையிடம் உரிமச் சீட்டுப் பெற்றுத் தன் ஊருக்குத் திரும்புவான். உற்றார் உறவினரையும் ஊராரையும் திரட்டிக் கொண்டு கப்பலேறுவான். அழைத்து வந்த தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குக் கிடைக்கும். அவர்கள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் 'தலைக்காசு' என்று தனியே ஒரு வருவாயும் உண்டு. உறவே சங்கிலியாகிய முறை இது. 1907இல் அமைந்த இந்தியர் குடியேற்றக் குழு, தோட்ட முதலாளிகளிடம் வரி தண்டி ஒரு நிதி திரட்டி, அதனின்று தொழிலாளரின் பயணச் செலவை ஏற்றது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த டிப்போக்களில் ஆட்கள் சேர்க்கப்பட்டனர். அக்கரையில் பினாங்கை ஒட்டிய ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் வைக்கப்பட்டனர்.

நம்மவருள் பெரும்பாலோர் இவ்வரிசையில் நிற்கவில்லை. சொந்தப் பணத்தில் கப்பற் சீட்டு எடுத்து, கடை வைக்கவும், கடையில் நிற்கவும், பணம் மாற்றவும், துறைமுகத்தில் சுமை தூக்கவும் சென்ற 'சபுராளிகள்' அவர்கள். காவடித் தண்டின் இருபுறமும் கூடை தொங்கவிட்டுச் சோறும் குழம்பும் தெருத் தெருவாக விற்றதே 'நாசி கண்டார்' என்று பினாங்கில் புகழ்பெற்றது. எனினும் ஒரே கப்பலின் மேல்தட்டில் தோட்டத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் அருகருகே பாய் விரித்துப் படுத்தே பயணம் செய்தனர். 1926இல் கட்டப்பெற்ற 'ரஜூலா' கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடி, இரு கரைகளையும் தைத்த ஊசியாக விளங்கிற்று.

மலாய்த் தீவுக் கூட்டத்திலிருந்தும் இக்காலத்தில் பலர் வந்தனர் என்பது பெரிதும் பேசப்படாத செய்தி. சுமத்திராவின் மினாங்கபாவு மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நெகிரி செம்பிலானில் குடியேறித் தாய்வழி மரபைக் கொணர்ந்தனர். சிலாங்கூரின் அரச மரபைப் பதினெட்டாம் நூற்றாண்டில் நிறுவியோர் பூகிஸ் இனத்தவர். சாவகரும் பஞ்சாரியரும் ஜொகூர், சிலாங்கூர், பேராக் கரைகளில் சதுப்பைத் திருத்திக் குடியேறினர். மொழியும் மார்க்கமும் நெருங்கியிருந்தமையால் இவர்கள் மலாய்ச் சமுதாயத்தில் இயல்பாகக் கலந்தனர். ஓராங் அஸ்லி எனப்படும் பழங்குடியினரோ இவர்கள் எல்லோருக்கும் முன்பே அம்மண்ணில் வாழ்ந்து வருபவர்கள்.

கதவு சாத்தப்பட்ட காலம்

1927ஆம் ஆண்டில் மட்டும் மூன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட சீனர் அந்நாட்டில் வந்திறங்கினர். மூன்றாண்டுகளுக்குள் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. இரப்பரும் ஈயமும் விலை சரிந்தன. நேற்றுவரை ஆள் போதாது என்று கூவிய தோட்டங்கள், இன்று ஆள் மிகுதி என்றன. ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். வேலை இருந்தால் வருக, இல்லையேல் செல்க என்பதே அரசின் கொள்கை என்பது அன்று வெளிப்படையாயிற்று.

1930இல் சீன ஆடவரின் வருகைக்கு வரம்பு விதிக்கப்பட்டது. 1933இல் அயலார் சட்டம் அதனை உறுதி செய்தது. பெண்டிர்க்கு 1938 வரை அவ்வரம்பு இல்லை. ஆகவே சீனப் பெண்டிர் பெருந்திரளாக வந்து, கட்டட வேலையிலும் வீட்டு வேலையிலும் அமர்ந்தனர், குடும்பங்கள் தோன்றின. வருவோரைக் குறைக்க எண்ணி இயற்றிய சட்டம், வந்தவரை நிலைக்கச் செய்தது. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர் உள்ளிட்ட மலாயாவின் மக்கள் ஏறத்தாழ 44 இலட்சம். அவருள் சீனர் 17 இலட்சம், இந்தியர் 6 இலட்சத்திற்கும் மேல். தம் நாட்டில் தாமே சிறுபான்மை ஆகிவிடுவோமோ என்ற அச்சம் மலாய் மக்களுக்கு உண்டாயிற்று. அவ்வச்சத்தை வெறும் பொறாமை என்று தள்ளுதல் நேர்மையன்று. ஆட்களை இறக்கியவர் அவர்களைக் கலந்துகொள்ளவில்லை; இலாபம் கண்டவரும் அவர்கள் அல்லர்.

இந்தியாவின் பக்கமும் கதவு மூடியது. சீனிவாச சாஸ்திரியார் மலாயாவின் தொழிலாளர் நிலையை நேரிற் கண்டு 1937இல் அறிக்கை அளித்தார். கூலி பற்றிய தகராறு முற்றவே, 1938 ஜூனில் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. கங்காணியின் காலம் அத்துடன் முடிந்தது.

போரும் குடியுரிமையும்

1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. சயாமிலிருந்து பர்மாவிற்கு 415 கிலோமீட்டர் நீளத்திற்கு அவர்கள் இட்ட இருப்புப் பாதைக்கு மலாயாவின் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாகக் கொண்டு செல்லப்பட்டனர். கொள்ளைநோயாலும் பட்டினியாலும் மாண்டோர் மிகப் பலர். போர்க் கைதிகளாயிருந்த வெள்ளையருக்கு அங்குக் கல்லறைகள் உண்டு. ஒவ்வொரு கல்லிலும் பெயர் உண்டு. நம்மவருள் பெரும்பாலோர்க்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

போருக்குப்பின் பிரிட்டிஷார் 1946இல் மலாயன் யூனியன் திட்டத்தைக் கொணர்ந்தனர். வந்து குடியேறியவர்க்குத் தாராளமாகக் குடியுரிமை வழங்க அது முற்பட்டது. சுல்தான்களின் அதிகாரத்தையோ பறித்தது. மலாய் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அம்னோ கட்சி அவ்வாண்டில்தான் பிறந்தது. யூனியன் கைவிடப்பட்டு, 1948 பிப்ரவரியில் மலாயாக் கூட்டரசு அமைந்தபோது குடியுரிமை விதிகள் இறுக்கமாயின. 1957 ஆகஸ்ட் 31இல் நாடு விடுதலை பெற்றபோது மீண்டும் ஓர் இணக்கம் காணப்பட்டது. மலாய் மக்களின் தனிநிலை அரசியல் சட்டத்தில் உறுதி பெற்றது. ஏனையோர்க்குக் குடியுரிமையின் வாயில் திறந்தது. அந்நாள் முதல் அம்மண்ணில் பிறக்கும் குழந்தை குடிமகன் என்பது விதி. 1962இல் இது திருத்தப்பட்டு, பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்றாயிற்று.

இங்குதான் நம் குடும்பங்கள் பெருஞ் சோதனைக்கு உள்ளாயின. நம்மவரின் வழக்கம் யாது? ஆடவர் மட்டும் சபுர் போவர். மனைவி மக்கள் ஊரில் இருப்பர். மூன்றாண்டுக்கு ஒருமுறை வந்து சில திங்கள் தங்கிச் செல்வர். கடையநல்லூர், தென்காசி மக்களில் பலர் குடும்பத்தோடு பெயர்ந்து சென்றனர், அவர்கள் விதிவிலக்கு. பருவக்காற்றுக் காலத்திற்குப் பொருந்திய அவ்வழக்கம், பாஸ்போர்ட்டின் காலத்தில் பகையாக முடிந்தது. 1953 முதல் புதிதாக நுழைவோர்க்குக் கடுங் கட்டுப்பாடு வந்தது. 1959இல் விதிகள் மேலும் இறுகி, கணவனை நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்த மனைவிக்கும், குறித்த வயதைக் கடந்த பிள்ளைக்கும் அனுமதி மறுக்கப்படும் நிலை உண்டாயிற்று. குடும்பத்திற்காகப் பிரிந்திருந்தவனிடம், பிரிந்திருந்தாய் ஆதலால் குடும்பம் வரலாகாது என்றது சட்டம்.

1965 ஆகஸ்ட் 9இல் சிங்கப்பூர் தனி நாடானது. ஒரே கடையின் இரு கிளைகள் இரு நாடுகளில் நின்றன. மலேசியாவில் 1969 மே கலவரத்தை அடுத்து, குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்ற சட்டம் முனைந்து செயற்படுத்தப்பட்டது. நீல அடையாள அட்டை உள்ளவன் குடிமகன்; சிவப்பு அட்டை உள்ளவன் நிரந்தரவாசி; அவ்வளவே. ஒரே வீட்டில் அண்ணனுக்கு நீலமும் தம்பிக்குச் சிவப்பும் வாய்த்ததுண்டு. விண்ணப்பத் தாளை உரிய காலத்தில் நிரப்பினாரா இல்லையா என்பதைத் தவிர இருவர்க்கும் வேறுபாடு இல்லை. எழுத்தறியாத தோட்டத் தொழிலாளியும், 'ஊருக்குத்தானே திரும்பப் போகிறோம்' என்றிருந்த கடைக்காரரும் ஒருங்கே தவறவிட்டனர். பல்லாயிரவர் கப்பலேறித் திரும்பினர். முப்பது நாற்பது ஆண்டு உழைத்த மண்ணை விட்டு, பேரளவிற்கே சொந்தமான ஊருக்கு வந்து, இரு கரையிலும் அயலாராக வாழ்ந்து மறைந்த முதியோரை நம் ஊர்கள் அறியும். 'ரஜூலா' 1973இல் ஓய்ந்தது. அதன் இடத்திற்கு வந்த 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் தீப்பற்றி, அத்துடன் அக்கப்பற் போக்குவரத்தும் முடிவுற்றது.

புதிய வரவினர்

கப்பல் நின்றதேயன்றிக் குடியேற்றம் நிற்கவில்லை. 1975இல் வியத்னாம் போர் முடிந்தபின், படகுகளில் தப்பி வந்தோர்க்காகத் திரங்கானு கடலிலுள்ள பீடோங் தீவில் 1978இல் முகாம் திறக்கப்பட்டது. ஒரு சதுர மைலுக்கும் குறைந்த அத்தீவில் 1979இல் ஏறத்தாழ 40,000 பேர் நெருக்கியடித்து வாழ்ந்தனர். 1991இல் அது மூடப்படும் வரை ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் அவ்வழியே வேறு நாடுகளுக்குச் சென்றனர்.

1970களுக்குப்பின் மலேசியா தொழில் நாடாக வளர்ந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் நகருக்குச் சென்றனர். பால்மரம் சீவவும், செம்பனைக் குலை வெட்டவும், கட்டடம் கட்டவும் மீண்டும் ஆட்கள் வேண்டியிருந்தது. 1984இல் இந்தோனேசியாவுடன் மேடானில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. பின்னர் வங்காளதேசம், நேபாளம், மியன்மார் நாட்டினரும், தமிழகத்து இளைஞரும் வந்தனர். கங்காணியின் இடத்தில் ஏஜெண்டு அமர்ந்தான். புறப்படுமுன் கடன், சேர்ந்தபின் அக்கடனை அடைக்கவே உழைப்பு என்ற பழைய கணக்கு, புதுத் தாளில் எழுதப்பட்டது. அக்காலத் தொழிலாளியின் ஒப்பந்தம் துரையின் பெட்டியில் இருந்தது. இக்காலத் தொழிலாளியின் பாஸ்போர்ட் பல இடங்களில் முதலாளியின் பெட்டியில் இருக்கிறது. 1997இல் ஆசியப் பொருளாதாரம் தடுமாறியதும், 1930இல் நடந்ததே மீண்டும் நடந்தது: திரும்பிச் செல் என்ற குரல் எழுந்தது. 2002இல் சட்டம் திருத்தப்பட்டு, அனுமதியின்றி நுழைவோர்க்குப் பிரம்படித் தண்டனையும் விதிக்கப்பட்டது.

ரோஹிங்யா மக்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பிறந்த நாடு குடியுரிமை மறுத்துவிட்டது. வந்து சேர்ந்த நாடோ 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் ஒப்பமிடவில்லை. ஐக்கிய நாடுகளின் அகதிகள் அலுவலகம் தரும் அட்டை ஒன்றே அவர்களின் கையிருப்பு. 2015 மே திங்களில், தாய்லாந்து எல்லையிலுள்ள வாங் கெலியான் காட்டில், ஆட்கடத்துவோர் அமைத்த முகாம்களை அடுத்து 139 புதைகுழிகள் கண்டறியப்பட்டன. சயாம் இருப்புப் பாதையில் மாண்ட நம்மவரைப் போன்றே, அக்குழிகளில் கிடந்தோர்க்கும் பெயரில்லை.

நாம் எண்ணத்தக்கது

இந்நெடிய வரலாற்றில் ஒரு முறைமை திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. முதலில் கைகள் அழைக்கப்படுகின்றன. கைகளோடு வயிறும் மனைவி மக்களும் நினைவுகளும் வந்து சேரும்போது, இவர்கள் யார் என்று கேட்கப்படுகிறது. அதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. முன்னே நுழைந்தவன், பின்னே வருபவனைக் கண்டு அதே கேள்வியைக் கேட்கத் தொடங்கிவிடுகிறான். நேற்றுச் சிவப்பு அட்டையோடு அலைந்தவரின் பேரன், இன்று தன் உணவகத்தில் பாத்திரம் கழுவும் வங்காளதேசத்து இளைஞனின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைப்பானாயின், அவன் தன் பாட்டனாரின் கதையை அறியாதவன் என்றே கொள்ள வேண்டும்.

ஒரு நாடு தன் வாயிலைக் காக்கவே கூடாது என்று எவரும் சொல்லார். எல்லை இருக்கும், சட்டம் இருக்கும், மண்ணின் மக்களுக்குத் தம் எதிர்காலம் பற்றிய கவலையும் இருக்கும். ஆயின் அழைக்கும்போது ஒரு நாக்கும் அனுப்பும்போது ஒரு நாக்கும் ஆகாது. உழைப்பை ஏற்றுக்கொண்ட நாடு, உழைத்தவனின் குடும்பத்தையும் முதுமையையும் கணக்கில் கொள்ளல் கடன். மலாக்காவின் ஷாபந்தர், வந்தவனின் மொழியிலேயே அவனிடம் பேசினார். அது கருணையால் செய்ததன்று. ஆட்சித் திறத்தால் செய்தது. அத்திறம் இன்றைய அலுவலகங்கள் பலவற்றில் இல்லை.

நம்மளவில் செய்யத்தக்க பணி ஒன்று எஞ்சியிருக்கிறது. நம் வீட்டுப் பெட்டிகளில் பழைய பாஸ்போர்ட்டுகளும், கப்பற் சீட்டின் அடிக்கட்டைகளும், கடைக் கணக்கேடுகளும், அக்கரையிலிருந்து வந்த கடிதங்களும் கறையானுக்கு இரையாகிக் கொண்டிருக்கின்றன. பெரு வரலாறுகள் கவர்னர்களின் பெயர்களைக் காத்து வைக்கும். மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்தவனின் பெயரைக் காக்க அவன் மக்களே முன்வர வேண்டும். எந்த ஆண்டு போனார், யார் அழைத்தார், எங்கே இறங்கினார், எப்போது, எதனால் திரும்பினார் என்ற நான்கு வினாக்களுக்கு, கேட்டறியத்தக்க முதியோர் உள்ளபோதே, விடை எழுதி வைப்போமாக.